வெல்லும் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள்

ஜப்பானிய வாள்வித்தை பயில ஆசைப்படும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கையருக்கு,



டோக்கியோவில் வேலை பார்க்கும் தமிழன் நான். இங்குள்ள பழைய வாள்வித்தைப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாக மாணவனாக இருக்கிறேன். பள்ளியின் சார்பில் பேசும் தகுதி எனக்குக் கிடையாது. ஆகவே அதன் பெயரை இங்கே எழுதவில்லை. மாணவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததையும், நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கவலையையும் உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

உங்களில் பலர் ‘டீமன் ஸ்லேயர்’ பார்த்து இந்த ஆசைக்கு வந்தவர்கள். சிலர் ‘ருரோனி கென்ஷின்’ படித்தவர்கள். அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ பார்த்துவிட்டு, அதில் அதிகம் பேசாமல் வந்துபோகும் கியூசோ என்ற வாள்வீரனை மறக்க முடியாதவர்களும் இருக்கிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1954-இல் வெளிவந்த அந்தப் படத்தின் வாள்காட்சிகளுக்குப் பயிற்சி தந்தவர் சுகினோ யோஷியோ. ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுள்ள கட்டோரி ஷிந்தோ-ரியூ பள்ளியின் வித்தையைக் கற்ற ஆசான் அவர். திரையில் கண்டு மயங்கியதன் வேரைத் தேடிக்கொண்டே போனால் பழைய பள்ளி ஒன்றின் வாசலுக்குத்தான் வந்து சேர்வீர்கள். ஆசை எந்த வழியாக வந்தால் என்ன, வந்த இடம் நல்ல இடம்.

வாசலில் நின்று நீங்கள் கேட்கும் கேள்விகள்தான் எனக்குக் கவலை தருகின்றன. எந்த வாள் வாங்குவது? எத்தனை மாதத்தில் கற்கலாம்? சான்றிதழ் கிடைக்குமா? இவற்றுக்கெல்லாம் முன்பு கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: எனக்குக் கற்றுத்தருவதற்காக என்னிடம் தோற்க யார் ஆயத்தமாக இருக்கிறார்? இந்தக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். பழைய வாள்வித்தையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

முதலில் பள்ளிகளைப் பற்றிக் கொஞ்சம். டோக்கியோவுக்குக் கிழக்கே சிபா மாகாணத்தில் கட்டோரி ஆலயமும், அதற்கு வடக்கே இபராக்கி மாகாணத்தில் காஷிமா ஆலயமும் இருக்கின்றன. இரண்டிலும் குடிகொண்டவை போர்த் தெய்வங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டோரியில் ஈசாசா இயெனாவோ தொடங்கிய பள்ளி இன்றும் அவர் குடும்பத்தின் தலைமையிலேயே நடக்கிறது. 1960-இல் சிபா மாகாணம் அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. காஷிமாவின் மண்ணில் வளர்ந்தவர் சுகாஹாரா பொக்குடென் என்ற வாள்வீரர். பதினாறாம் நூற்றாண்டில் காமிஇசுமி நொபுத்சுனா ஷின்காகே-ரியூ என்ற பள்ளியை வகுத்தார். அதை அவரிடமிருந்து பெற்ற யாக்யூ குடும்பம் பின்னாளில் நாட்டை ஆண்ட டோக்குகாவா ஷோகன்களுக்கே வாளாசான் ஆனது. இத்தோ இத்தோசாய் தொடங்கிய இத்தோ-ரியூவின் வழியில் ஒனோ குடும்பமும் ஷோகனின் அவையில் இடம்பெற்றது. குன்மா மாகாணத்தில் மனிவா என்ற ஊரில் ஹிகுச்சி குடும்பம் நென்-ரியூவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறது. தெற்கே சத்சுமாவில் ஜிகென்-ரியூவினர் நட்டுவைத்த மரக்கம்பத்தைக் கூவியபடியே ஓங்கி ஓங்கி அடித்துப் பழகுகிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் நிற்கும் நிலை வேறு, கால் வைக்கும் விதம் வேறு, வாள்பிடி வேறு.

இவை பெரும்பாலானவற்றுக்கும் பொதுவான கற்பித்தல் முறை ஒன்று உண்டு. கராத்தே வகுப்புக்குப் போனவர்களுக்குக் கட்டா என்றால் தெரியும்: வரையறுத்து வைத்த அசைவுகளின் தொடர். வாள்வித்தையில் கட்டாவைப் பெரும்பாலும் இருவர் எதிரெதிரே நின்று செய்வார்கள். ஒருவர் உச்சிதாச்சி, அதாவது வெட்டைத் தொடங்குபவர். மற்றவர் ஷிதாச்சி, அந்த வெட்டுக்குப் பதில் சொல்பவர். கட்டாவின் முடிவில் வெல்பவர் ஷிதாச்சி. அந்த இடத்தில் நிற்பவர் எப்போதும் இளையவர். வெட்டுப்பட்டு நிற்கும் இடம் மூத்தவருக்கு.

ஒரு கட்டாவைப் பார்ப்போம். 1912-இல் பல பள்ளிகளின் ஆசான்கள் கூடி, நாடு முழுவதற்கும் பொதுவாகப் பத்துக் கட்டாக்களைத் தொகுத்தார்கள். மூங்கில் வாளால் மோதிப் பழகும் கெண்டோவைப் பயில்பவர்கள் இன்றும் அவற்றைக் கற்கிறார்கள். அதில் முதலாவது இது. இருவரும் மரவாளைத் தலைக்கு மேல் உயர்த்தி மூன்றடி முன்னே வருகிறார்கள். மூத்தவர் தருணம் பார்த்து, இளையவரை உச்சந்தலையிலிருந்து பிளந்துவிடும் எண்ணத்தோடு வெட்டுகிறார். இளையவர் உடலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள, வெட்டு காற்றைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அடுத்த கணம் இளையவர் முன்னே பாய்ந்து மூத்தவரின் தலைமேல் வாளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மூத்தவர் பின்வாங்குகிறார். இளையவர் விழிப்புத் தளராமல், வாள்முனையால் அவர் முகத்தை அடக்கி நிற்கிறார். அவ்வளவுதான். சில நொடிகளில் முடிந்துவிடும்.

பார்ப்பவர் கண் இளையவரின் மேல்தான் இருக்கும். வித்தை தெரிந்தவர் மூத்தவரைப் பார்ப்பார். ஏனென்றால் அங்கே நடப்பது முழுவதையும் நடத்துபவர் அவர். எவ்வளவு எட்டத்தில் நிற்பது, எப்போது கிளம்புவது, எந்த வேகத்தில் வெட்டுவது, எல்லாம் அவர் கையில். அவர் வெட்டு சற்றே குறைவான தூரத்தில் விழுந்தால், விலக வேண்டிய தேவையே மாணவருக்கு இருக்காது. தேவையில்லாத அசைவைப் பழகிப் பழகி, தனக்கு விலகத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருப்பார். வெட்டு அளவுக்கு மீறி விரைந்தால் மாணவர் அடிபடுவார், இல்லையேல் அஞ்சி முன்கூட்டியே நகரத் தொடங்குவார். மாணவரால் இன்று முடிவதைவிட ஒரு நூலிழை அதிகமாகக் கேட்கும் வெட்டே நல்ல வெட்டு. நடை பழகும் குழந்தையின் முன்னால் தாய் கைநீட்டியபடி பின்னால் நகர்ந்துகொண்டே போவாளே, எட்டியும் எட்டாமலும், அந்த அளவு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு மாணவர் வளர்ந்திருப்பார்; அந்த அளவும் நாளைக்கு மாறும்.

ஒனோ குடும்பத்தின் வழிவந்த ஒனோ-ஹா இத்தோ-ரியூவில் இதைக் கண்ணாலேயே காணலாம். அங்கே உச்சிதாச்சி இரு கைகளிலும் தலையணைபோல் தடித்த தோலுறைகளை அணிந்து நிற்பார். ஒனிகோத்தே என்று அவற்றுக்குப் பெயர். மாணவர் தயக்கமில்லாமல் ஆசானின் மணிக்கட்டில் முழு விசையோடு அடித்துப் பழக வேண்டும் என்பதற்காகவே அந்த உறைகள். மாணவரின் கைக்கு உறை கிடையாது. எதிரியின் வெட்டு வரும் அதே நடுக்கோட்டில் நேராக வெட்டி, அவன் வாளைத் தள்ளி வீழ்த்திக்கொண்டே அவனையும் வெட்டும் கிரிஓத்தோஷி அந்தப் பள்ளியின் உயிர்நாடி. வருகிற வெட்டிலிருந்து விலகாமல் அதற்குள்ளேயே புகும் துணிவு மாணவருக்கு வர வேண்டுமானால், எதிரே நிற்கும் ஆசான் ஆயிரம் தடவை மெய்யாக வெட்டவும், ஆயிரம் தடவை அடிவாங்கவும் வேண்டும்.

ஷின்காகே-ரியூ இதே சிக்கலுக்கு வேறொரு வழி கண்டது. மரவாள் எலும்பை முறிக்கும். ஆகவே பிளந்த மூங்கிலைத் தோல் பையில் செருகி, ஃபுக்குரோ ஷினாய் என்ற பயிற்சி வாளைச் செய்தார்கள். காமிஇசுமி நொபுத்சுனாவின் கொடை அது என்பது பள்ளியின் மரபு. அந்த வாளால் பாதியில் நிறுத்தாமல் கையிலும் தோளிலும் தொட்டே வெட்டலாம். மனிவா நென்-ரியூவிலும் இத்தகைய வாளும், தலைக்கும் கைக்கும் தடித்த காப்பும் உண்டு. கற்றுக்கொடுப்பவர் மெய்யாகவே வெட்டவும், கற்பவர் மெய்யாகவே பதில் சொல்லவும் இடம் அமைப்பதுதான் இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் நோக்கம்.

கட்டா வெறும் நாட்டியம்தானே, எதிரி எழுதிவைத்தபடியா வருவான் என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஜப்பானியர்களே இதைக் கேட்டிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் நகனுமா குனிசாத்தோ என்பவர் ஜிகிஷின்காகே-ரியூவிலும், பிற்பாடு நகனிஷி சூசோ இத்தோ-ரியூவிலும் மூங்கில் வாளும் முகக்கவசமும் மார்புக்கவசமும் கொண்டு தடையின்றி மோதிப் பழகும் முறையை வளர்த்தார்கள். இன்றைய கெண்டோவின் வேர் அது. வெட்டுப்பட விரும்பாத எதிரியைச் சந்திக்கும் அனுபவத்தைக் கெண்டோ தருகிறது. கட்டாவால் அதைத் தர இயலாது. ஆனால் மோதலில் இருவருமே வெல்லப் பார்க்கிறார்கள். உங்களை வளர்ப்பதற்காகவே வெட்டும் ஒருவரைக் கட்டாவில்தான் சந்திப்பீர்கள். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. கெண்டோக்காரர்கள் அந்தப் பத்துக் கட்டாக்களை இன்றுவரை கைவிடாததற்கும், மேல்நிலைத் தேர்வுகளில் அவற்றைச் செய்துகாட்டச் சொல்வதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வித்தை இன்றுவரை வந்து சேர்ந்ததே பெரும்பாடு. 1868-இல் சாமுராய் ஆட்சி கவிழ்ந்தது. வாளாசான்களுக்குச் சம்பளம் தரப் பிரபுக்கள் இல்லை. ஷோகனின் படைப்பள்ளியில் கற்பித்த சாக்காக்கிபாரா கென்கிச்சி 1873-இல் டோக்கியோவின் அசகுசாவில், கட்டணம் வாங்கிக்கொண்டு வாட்போர் காட்டும் காட்சிகளை நடத்தினார். பிழைக்க வழியற்றுப்போன வாளாசான்களுக்குச் சோறு போட்டது அந்தக் காட்சி. 1876-இல் வாள் அணிந்து தெருவில் நடப்பதே தடை செய்யப்பட்டது. மறு ஆண்டு சத்சுமா கிளர்ச்சியை அடக்கப் போன காவல்படையில் வாளேந்திய பிரிவு தன் திறத்தைக் காட்டியதும், காவல்துறைக்கு வாள்வித்தையில் மறுபடி அக்கறை பிறந்தது. 1895-இல் கியோட்டோவில் தாய் நிப்பொன் புத்தோக்குகாய் என்ற சங்கம் எழுந்தது. வித்தை பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்தது.

அதன்பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1930-களிலும் 1940-களிலும் போர்வெறியை ஊட்டுவதற்கு இதே வாள்பயிற்சியைப் பயன்படுத்தினார்கள். மாணவனின் நலனுக்காக வெட்டும் வித்தை, மாணவனைச் சாவுக்கு அனுப்பும் கருவியாக மாறியது. 1945-இல் ஜப்பான் சரணடைந்த பின், ஆக்கிரமிப்புப் படையினரின் காலத்தில் பள்ளிக்கூடங்களில் கெண்டோ தடை செய்யப்பட்டது. 1946-இல் புத்தோக்குகாய் கலைக்கப்பட்டது. வாளைப் புகழும் யார் பேச்சைக் கேட்டாலும் இந்தப் பத்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாவின் பெருமையைப் பேசி உங்களைக் கிளறிவிடும் ஆசானை விட்டு விலகிவிடுங்கள்.

போருக்குப் பின் இந்த வித்தையை மீட்டெடுத்தவர்களில் ஒருவர் எனக்கு மிகவும் பிடித்தவர்: சசாமோரி ஜுன்சோ. ஒனோ-ஹா இத்தோ-ரியூவின் தலைவர், கிறிஸ்தவர், கல்வியாளர், 1947-இல் அமைந்த கதாயாமா அமைச்சரவையில் இடம்பெற்றவர். கெண்டோவுக்குத் தடை இருந்த நாளில், இலகுவான உடையோடு ஒரு விளையாட்டாக மூங்கில் வாளைப் பழகும் முறையை வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். 1952-இல் அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டே கெண்டோ பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பியது. ஜுன்சோவுக்குப் பிறகு அவர் மகன் தகேமி பள்ளிக்குத் தலைவரானார். அவர் தேவாலயப் போதகராக இருந்தவர். காஷிமா-ஷின்ரியூவின் தலைவர் பொறுப்பில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் இருந்திருக்கிறார். பழைய பள்ளிகளின் ஆசான்கள் பெரும்பாலும் இப்படித்தான்: பகலில் வேறு தொழில், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வாள். மாதக் கட்டணம் மின்விளக்குக்கும் பயிற்சிக்கூட வாடகைக்குமே சரியாக இருக்கும்.

இன்று உங்கள் முன்னால் மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது கெண்டோ. ஜப்பானில் 2012 முதல் நடுநிலைப் பள்ளிகளில் போர்க்கலை கட்டாயப் பாடம். பல பள்ளிகள் கெண்டோவைத் தேர்கின்றன. உலகக் கூட்டமைப்பு 1970-இல் தொடங்கியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை உலகப் போட்டி நடக்கிறது. நிலைகளைத் ‘தான்’ கணக்கில் தருவார்கள். எட்டாம் தானுக்குத் தேர்வெழுதவே 46 வயது ஆகியிருக்க வேண்டும். நூறு பேர் போனால் ஒருவர் தேறுவது அரிது.

இரண்டாவது இயாய்டோ. உறையிலிருந்து வாளை உருவும் அசைவிலேயே வெட்டும் வித்தை. ஹயாஷிசாக்கி ஜின்சுகே என்பவரை இதன் மூலவராகப் போற்றுகிறார்கள். கெண்டோ கூட்டமைப்பு 1969-இல் ஏழு பொதுக் கட்டாக்களை வகுத்து, 1980-இல் மூன்றும் 2000-இல் இரண்டும் சேர்க்க, இப்போது பன்னிரண்டு உள்ளன. தனியாகச் செய்வதால் இது எளிதில் பரவுகிறது. ஆனால் முசோ ஜிகிடென் எய்ஷின்-ரியூ போன்ற பழைய இயாய் பள்ளிகளிலும் இருவர் நின்று செய்யும் கட்டாத் தொகுதிகள் இருக்கின்றன. எதிரே மெய்யான ஆள் வந்து நின்று வெட்டினால் உங்கள் அழகிய உருவல் எங்கே நிற்கிறது என்பதை அவை காட்டிவிடும். இயாய்டோ கற்கப் போனால், அந்தத் தொகுதிகளையும் கற்பிப்பீர்களா என்று கேளுங்கள்.

மூன்றாவது பழைய பள்ளிகள். ‘தான்’ கணக்கு இங்கே பொதுவாகக் கிடையாது. ஆண்டுக்கணக்கில் கற்றபின் கட்டாப் பெயர்கள் எழுதிய ஒரு சுருள், அதன்பின் இன்னொன்று, கடைசியில் முழு உரிமம். சில பள்ளிகளில் நுழையும்போதே உறுதிமொழி உண்டு. கட்டோரி ஷிந்தோ-ரியூவில் விரலைக் குத்தி, கையெழுத்தின்மேல் இரத்தம் வைப்பது இன்றும் வழக்கம். கற்றதை வெளியாருக்குச் சொல்வதில்லை, உரிமம் பெறும்வரை பிற பள்ளியாரோடு மோதுவதில்லை என்பதெல்லாம் அதில் அடங்கும். இந்தப் பள்ளிகளைக் காண விரும்பினால் நவம்பர் 3 அன்று டோக்கியோ மெய்ஜி ஆலயத்துக்குப் போங்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பழைய பள்ளிகள் வந்து மரங்களுக்கிடையே தங்கள் கட்டாக்களைச் செய்துகாட்டும். அங்கே நரைத்த தலைகள் எத்தனை, கருத்த தலைகள் எத்தனை என்பதையும் கவனியுங்கள்.

எந்த வாசலும் தானாகவே தூய்மையானதில்லை. 2018-இல், இயாய்டோவின் உயர்நிலைத் தகுதிகளுக்கான தேர்வுகளில் தேர்வாளர்களுக்குப் பணம் கைமாறிவந்த செய்தி ஜப்பானிய நாளிதழ்களில் வெளியாகி, கெண்டோ கூட்டமைப்பே அதை ஒப்புக்கொண்டது. பழைய பள்ளிகளில் வேறு நோய்: யார் உண்மையான வாரிசு என்ற வழக்கு. ஒரே பெயரில் இரண்டு மூன்று கிளைகள், ஒன்றையொன்று ஏற்காமல். பட்டத்தையும் வம்சப் பட்டியலையும் மட்டும் பார்த்து ஆசானைத் தேர்ந்தால் ஏமாற இடமுண்டு. நான் சொல்லும் உரைகல் எளியது. ஆசான் உச்சிதாச்சியாக நிற்கிறாரா? வாரம் தவறாமல், புதிதாய் வந்தவருக்கு எதிரிலும், அவர் மரவாளோடு நின்று தோற்கிறாரா? அல்லது மாணவர்களை ஒருவரோடு ஒருவர் பழகவிட்டு ஓரமாக நின்று கட்டளை மட்டும் இடுகிறாரா? முதுமையாலோ நோயாலோ நிற்க இயலாத ஆசான்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்த இடத்தைத் தாம் வளர்த்தெடுத்த மூத்த மாணவருக்குத் தந்திருப்பார்கள். எப்போதும் தானே வெல்லும் பக்கத்தில் நின்று புதியவர்களைப் புரட்டியெடுத்துக் காட்டுபவர் எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் அவரிடம் போகாதீர்கள்.

இன்னும் சில கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஆசான் யார், அவரைக் காண எங்களை அழைத்துப் போவீர்களா? நீங்கள் இப்போதும் அவரிடம் பயில்கிறீர்களா? சேருமுன் ஓரிரு நாள் வந்து அமர்ந்து பார்க்கலாமா? நேர்மையான டோஜோ, அதாவது பயிற்சிக்கூடம், இவற்றுக்குத் தயங்காமல் பதில் தரும். ஜப்பானில் சேருமுன் வந்து பார்ப்பது இயல்பான நடைமுறை. முன்கூட்டி எழுதிக் கேட்டு, குறித்த நேரத்துக்குப் போய், பயிற்சி முடியும்வரை பேசாமல் அமர்ந்திருங்கள்.

காணொளிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நல்ல ஆசான்களின் பழைய பதிவுகளைப் பார்ப்பதால் பயனுண்டு, நானும் பார்க்கிறேன். ஆனால் கட்டோரிப் பள்ளியின் கட்டாக்களைப் பாருங்கள். நீண்டவை, விரைந்தவை, மரவாளும் மரவாளும் விடாமல் மோதும். அந்த மோதல்களில் பலவும் மெய்யான வெட்டு விழ வேண்டிய இடங்கள் அல்ல. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர் களவாடிவிடாதபடி, உடலில் விழ வேண்டிய வெட்டை எதிரியின் வாளில் விழுவதுபோல் மறைத்துவைத்தார்கள் முன்னோர். உரிய காலம் வரும்போது ஆசான் தம் உடலில் இடம் காட்டி அதைத் திறந்து சொல்வார். படக்கருவி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது வேலிக்கு வெளியேதான் நிற்கிறது. அதோடு, திரைக்குள் இருப்பவர் உங்களை நோக்கி வெட்டுவதில்லை. நீங்கள் அரையடி தவறினாலும் அவர் வேகத்தைக் குறைக்கமாட்டார், கூட்டமாட்டார். மூன்று மாதத்தில் சான்றிதழ் என்று விற்பவர்களிடம் நீங்கள் வாங்குவது ஷிதாச்சியின் அசைவுகளை மட்டும். எதிரே ஆள் இல்லாத பாதி.

வாள் பற்றியும் கேட்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். கூர்வாள் வாங்காதீர்கள். தொடங்குவதற்கு ஒரு மரவாள் போதும். ஜப்பானில் மரவாள்களில் பெரும்பகுதி மியாசாக்கி மாகாணத்தின் மியாகோனோஜோ நகரில் ஒருசில பட்டறைகளில் கருவாலி மரத்தில் செய்யப்படுகிறது. அந்தக் கைவினைஞர்களும் அருகிவருகிறார்கள், அவர்களிடம் வாங்கினால் இரு தொழில் வாழும். எந்த அளவு, எந்த வடிவம் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆகவே ஆசானைக் கேட்டபிறகே வாங்குங்கள். இயாய்டோவுக்கு இயாய்தோ என்ற வாள் உண்டு. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகம், தீட்டினாலும் கூர் ஏறாது. மெய்யான வாள் ஜப்பானில் பதிவுச் சான்றோடுதான் இருக்க முடியும். அதைச் செய்யும் கொல்லர் குறைந்தது ஐந்தாண்டு இன்னொரு கொல்லரிடம் பயின்று உரிமம் பெற்றவர். அவர் உழைப்பைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கவோ, வீட்டில் புட்டியை வெட்டிப் படமெடுக்கவோ வாங்குவது அந்த உழைப்புக்கும் உங்கள் விரல்களுக்கும் நல்லதல்ல.

இனி, என் கவலைக்கு வருகிறேன்.

வெளிநாட்டவர் இந்தப் பள்ளிகளில் சேர்வது புதிதல்ல. அமெரிக்கரான டான் டிரேகர் கட்டோரிப் பள்ளியில் சேர்ந்து பல ஆண்டுகள் பயின்றார். 1982-இல் மறைந்த அவர் எழுதிய நூல்கள் வழியாகவே உலகின் பல பகுதியினர் பழைய பள்ளிகளைப் பற்றி அறிந்தார்கள். அவருக்குப்பின் பலர் வந்தார்கள், இருபது முப்பது ஆண்டு இருந்தார்கள், முழு உரிமமும் பெற்றார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று பள்ளிகளின் ஒப்புதலோடு இயங்கும் கிளைகள் உள்ளன. ஜப்பானிய இளைஞர்கள் குறைவாக வரும் டோஜோக்களில் வெளிநாட்டு மாணவர்களின் வருகை ஆசான்களுக்குத் தெம்பு தருகிறது. வாசலைத் திறந்த ஆசான்களை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் பெரும்பாலோர் செய்வது வேறு. இரண்டாண்டு வேலை, மூன்றாண்டு படிப்பு என்று வருகிறார்கள். ஆர்வத்தோடு சேர்கிறார்கள். ஆசான் வாரந்தோறும் அவர்கள்முன் நின்று தோற்றுக்கொடுக்கிறார். முதல் தொகுதிக் கட்டாக்களின் ஷிதாச்சிப் பக்கம் ஓரளவு கைவந்ததும் விசா முடிகிறது, ஊருக்குத் திரும்புகிறார்கள். திரும்பியவர்களில் சிலர் அதையே பள்ளி முழுவதும் என்று எண்ணி மற்றவர்க்குக் கற்பிக்கவும் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது வெல்லும் அசைவு மட்டும். அந்த வெற்றியை எதிரே நின்று கட்டியெழுப்பிய கை இங்கேயே தங்கிவிட்டது. அடுத்த மாணவருக்கு அவர்களால் மெய்யான வெட்டைத் தர முடியாது. தர யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அப்படிக் கைமாறும் வித்தை இரண்டாம் கையிலேயே வெறும் ஆட்டமாகிவிடும்.

பழைய பள்ளி அழிவதற்கு அதன் கட்டாக்கள் மறந்துபோக வேண்டியதில்லை. ஏட்டில் இருக்கும், படப்பதிவில் இருக்கும், ஷிதாச்சிகள் நூறு பேர் இருப்பார்கள். எதிரே நின்று மெய்யாக வெட்டி, மெய்யாகத் தோற்கத் தெரிந்த கடைசி ஆள் போனால் பள்ளி போயிற்று. ஓர் உச்சிதாச்சி உருவாகப் பத்தாண்டு, பதினைந்தாண்டு ஆகும். வெல்லும் பக்கத்தை உடம்பு கேட்காமலே செய்யுமளவு பழகியபின்தான் மறுபக்கம் நிற்கச் சொல்வார்கள். அங்கே போய் நின்றதும் எல்லாம் புதிதாகிவிடும். எதிரே இருப்பவரின் மூச்சு, அச்சம், தோளின் இறுக்கம், கண் போகும் இடம், இவையே பாடமாகும். கற்றதையெல்லாம் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் பிறருக்காகச் செலவிடும் பயிற்சி அது. இந்தக் காலத்தில் வாளால் என்ன பயன் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் தரும் பதிலும் இதுவே. யாரையும் வெட்ட வேண்டிய நாள் நமக்கு வரப்போவதில்லை. தன்னைவிடத் திறம் குறைந்தவர் முன்னே அகந்தையும் சலிப்பும் இல்லாமல் நின்று, அவர் வெல்லும்படி வளர்த்துவிடும் திறம் எந்நாளும் வேண்டும். அதை உடம்பாலேயே கற்பிக்கும் வேறொரு முறையை நான் கண்டதில்லை.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. ஜப்பானுக்கு வர வாய்ப்பிருந்தால், வருவதற்கு முன்பே பள்ளியைத் தேடி எழுதுங்கள். வந்தபின் பொழுதுபோகாத நாளில் தேடாதீர்கள். சேர்ந்தால் தங்குங்கள். தங்க இயலாமல் திரும்ப நேர்ந்தால், ஆண்டுக்கொருமுறையேனும் ஆசானிடம் வந்து பயிலும் வழியைத் தேடுங்கள். அதுவரை ஊரில் உங்கள் தனிப்பயிற்சியைத் தொடருங்கள், உரிமம் இல்லாமல் கற்பிக்காதீர்கள். ஜப்பானுக்கு வரவே இயலாதவர்கள் அருகில் முறையான கெண்டோ அல்லது இயாய்டோ வகுப்பு இருந்தால் அதில் சேருங்கள். கெண்டோவிலும் பத்துக் கட்டாக்கள் உண்டு, அங்கும் உச்சிதாச்சி வேண்டும். டோஜோவில் உங்களுக்குப் பின் ஒருவர் புதிதாக வந்தால், தரையைத் துடைக்கும் துணி எங்கே இருக்கிறது என்பதிலிருந்து அவருக்கு நீங்கள்தான் மூத்தவர். அந்தப் பொறுப்பை அன்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசான் உங்களிடம் தோற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கடன் ஏறுகிறது. அதை அவருக்குத் திருப்பித் தர முடியாது; அவருக்கு அது தேவையும் இல்லை. உங்களுக்குப் பின் வருபவருக்குத்தான் அதைத் தீர்க்க முடியும், அதுவும் மறுபக்கத்தில் நின்றுதான். அந்தப் பக்கத்துக்குப் போகும்வரை இருப்பேன் என்ற முடிவோடு வாருங்கள். அப்படி வருகிறவர் ஐந்தே பேரானாலும் இந்தப் பள்ளிகளுக்கு அது பெரிய வரவு.

அன்புடன்,
உங்களைப் போலவே ஆசையோடு வந்து, இன்னும் பயின்றுகொண்டிருக்கும் ஒரு மாணவன்
டோக்கியோ